ஜெர்சி அச்சுக்குப் போன பிறகு கேட்டால் அது கேட்டதாகாது

ஆஸ்திரேலியாவின் மான்லி சீ ஈகிள்ஸ் ரக்பி லீக் அணி 2022 ஜூலையில் ஓர் ஆட்டத்துக்கென்று தனி ஜெர்சி கொண்டுவந்தது. வழக்கமாக வெள்ளைப் பட்டை ஓடும் இடங்களில், தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட பாலினச் சிறுபான்மையினருக்கு ஆதரவாக, வானவில் நிறங்கள். ஜெர்சி வெளியான கையோடு ஏழு வீரர்கள், எங்கள் மதமும் பண்பாடும் இதற்கு இடம்தராது என்று சொல்லி அணிய மறுத்துவிட்டார்கள். அணி முழுக்க ஒரே சட்டையில்தான் இறங்க வேண்டும் என்பது விதி. ஏழு பேரும் வெளியே உட்கார்ந்தார்கள். ஜூலை 28 அன்று சிட்னி ரூஸ்டர்ஸிடம் 20-10 என்று தோல்வி. ஆட்டத்துக்கு முன்பே பயிற்சியாளர் டெஸ் ஹாஸ்லர் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து, வீரர்களிடமும் யாருக்காக அந்த ஜெர்சி தைக்கப்பட்டதோ அந்தச் சமூகத்திடமும் சேர்த்தே மன்னிப்புக் கேட்டிருந்தார்.

மதமா, பாலின உரிமையா என்ற பட்டிமன்றமாகவே இதைப் பலரும் பேசினார்கள். அணிகளின் மார்க்கெட்டிங் வேலையில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வீரர்களுக்கு எந்தத் தேதியில் சொன்னார்கள்? ஒரு சிறப்பு ஜெர்சி களத்துக்கு வருவதற்குள் டிசைனர் பார்க்கிறார், சட்டை தயாரிக்கும் நிறுவனம் பார்க்கிறது, நெஞ்சிலும் முதுகிலும் பெயர் போட்டிருக்கும் ஸ்பான்சர்கள் பார்க்கிறார்கள், லீக் ஒப்புதல் தருகிறது, கடைக்கு எத்தனை உருப்படி என்று கணக்குப் போடுகிறார்கள். இத்தனை கையெழுத்து விழும் மாதங்களில், அதைப் போட்டுக்கொண்டு ஆடப்போகிற 17 பேரிடம் கேட்க ஒரு மதியம் போதும். மான்லியில் அது நடக்கவில்லை. ஜெர்சி கைக்கு வந்த பிறகு தெரியவந்தவருக்கு 'சரி' என்பதற்கும் 'முடியாது' என்பதற்கும் நடுவில் வேறு வழியே இல்லை.

விளையாட்டு அணிகளின் ப்ரோமோஷன்களில் வெடிக்கும் பண்பாட்டுச் சண்டைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், தீம் தவறாக இருந்ததால் வந்தவை குறைவு. யாரிடம், எந்தக் கட்டத்தில் கேட்டார்கள் என்பதில்தான் பெரும்பாலும் கோளாறு.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஒரு சமூகத்தையோ கருத்தையோ முன்னிறுத்தி ஓர் ஆட்டத்தை நடத்தும் தீம் நைட் என்பது பார்ப்பவருக்கு ஒரு மாலைப்பொழுது. உள்ளே இருப்பவருக்கு அது பர்ச்சேஸ் ஆர்டரில் தொடங்குகிறது. வாசலில் முதலில் வரும் பத்தாயிரம் பேருக்கு ஒரு வீரரின் உருவில் தலையாட்டி பொம்மை கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். களிமண் மாதிரி, அச்சு, வண்ணம் பூசிய சாம்பிள், உற்பத்தி, கப்பல், சுங்கம் என்று பொதுவாக நான்கைந்து மாதம் ஓடிவிடும். அட்வான்ஸ் கட்டியபின் கருத்து கேட்டால், மாற்றச் சொல்பவருக்கு உங்கள் பதில் 'இனிமேல் முடியாதே' என்றுதான் இருக்கும். ஆகவே முதல் ஆலோசனை ஆர்டர் போடும் தேதிக்குக் குறைந்தது மூன்று நான்கு வாரம் முன்னால் முடிந்திருக்க வேண்டும். ஆட்டத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அது ஆறு மாதத்துக்கு முன்னால் போய் நிற்கும். பலருக்கு அங்கேயே மலைப்பு வந்துவிடுகிறது.

ஒருமுறை கேட்டால் போதாது. மூன்று இடங்களில் நிறுத்திப் பார்க்க வேண்டும். யோசனை ஒரு பக்கத் தாளில் இருக்கும்போது ஒருமுறை: இதைச் செய்யலாமா, செய்தால் எதைத் தொடக்கூடாது? ஆர்ட்வொர்க் ப்ரூஃப் வந்ததும் இரண்டாவது முறை. கையில் தொடக்கூடிய சாம்பிள் வந்ததும் மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், படத்தில் சரியாகத்தானே இருந்தது என்று. தலையாட்டி பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். தலையைப் பெரிதாக்குவதே அதன் வித்தை. தலை பெரிதானால் உதடும் கண்ணும் மூக்கும் சேர்ந்து பெரிதாகும். ஒரு கறுப்பின வீரரின் உதட்டையோ கிழக்காசிய வீரரின் கண்ணையோ சிற்பி 'கொஞ்சம் தூக்கலாக' வடித்தால், நூறு வருடப் பழைய இனக் கேலிச்சித்திரம் அப்படியே உங்கள் கையில் வந்து உட்கார்ந்துவிடும். தோல் நிறமும் தட்டையான திரையில் ஒன்றாகவும் பூசிய பெயின்டில் வேறாகவும் தெரியும். சாம்பிளை அந்த வீரரிடமே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'உங்கள் சாயலில் இருக்கிறதா?' என்பதோடு நிறுத்தாமல், 'இதை உங்கள் அம்மா பார்த்தால் என்ன சொல்வார்?' என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும்.

ஜெர்சியானால் சாம்பிளை ஒருவருக்குப் போட்டுவிட்டு, பக்கவாட்டில் நிற்கவைத்து, குனியவைத்து, படம் எடுத்துப் பாருங்கள். மடிப்பு விழும்போது எழுத்துகளும் கோடுகளும் வேறு உருவம் எடுக்கும்.

யாரிடம் கேட்பது

அலுவலகத்தில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் இருப்பார். அவரைக் கூப்பிட்டு 'இது ஓகேதானே?' என்று கேட்பதுதான் எங்கும் நடப்பது. சம்பளம் வாங்கும் இடத்தில், மேலதிகாரி ஆசைப்பட்டுக் கொண்டுவந்த யோசனையை வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? தவிர, ஒருவர் ஒரு சமூகம் ஆகமாட்டார்.

மூன்று வகை ஆட்கள் தேவை. அந்தச் சமூகத்தின் பேரில் பேசும் தகுதி உள்ள அமைப்பு ஒன்று. டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்க்க வரும் சாதாரண ரசிகர்கள் சிலர். உங்கள் வீரர்கள், ஊழியர்களில் சம்பந்தப்பட்டவர்கள். வெளியாரின் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். ஓசியில் கருத்து கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். 'வேண்டாம்' என்று அவர்கள் சொன்னால் கைவிடும் அதிகாரம் உங்கள் பக்கம் யாருக்கு இருக்கிறது என்பதையும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இது நடக்காத காரியமல்ல. அமெரிக்காவில் பூர்வகுடிகளின் பெயரைத் தாங்கிய அணிகள் ஒவ்வொன்றாக வம்பில் மாட்டியபோது, வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் இண்டியன்ஸ் என்ற சிறிய பேஸ்பால் அணி ஸ்போகேன் பழங்குடியினரோடு 2006 முதல் உட்கார்ந்து பேசி லோகோவை மாற்றியது. 2014இல் அவர்களுடைய சேலிஷ் மொழியிலேயே பெயர் எழுதிய ஜெர்சியை அணிந்தது. தலையில் இறகு வைத்த மாஸ்காட் கிடையாது, போர்க்கூச்சல் கிடையாது. பெயர் அதேதான். சம்மதம் யாருடையது என்பதில்தான் வித்தியாசம். அமெரிக்க மைனர் லீக் பேஸ்பாலின் 'கோபா' திட்டத்தையும் பார்க்கலாம். லத்தீன் அமெரிக்க ரசிகர்களுக்காக அணிகள் சில ஆட்டங்களில் ஸ்பானிஷ் பெயரும் லோகோவும் பூணும் திட்டம் அது. 2017இல் நான்கு அணிகளை வைத்து வெள்ளோட்டம் பார்த்து, 2018இல் 33, 2019இல் 72 என்று விரித்தார்கள். மே மாதம் ஒருநாள், மெக்ஸிகோ விழா என்ற பேரில், எல்லோருக்கும் வைக்கோல் தொப்பியும் ஒட்டுமீசையும் கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை விளக்கவே வேண்டாம்.

வீரர்களின் உடம்பு விளம்பரப் பலகையல்ல

ஒரு தீம் வீரரின் உடம்பில் ஏறும்போதுதான் சிக்கல் இரட்டிப்பாகிறது. வாசலில் தொங்கும் பதாகை பிடிக்காதவர் தலையைத் திருப்பிக்கொண்டு போகலாம். சட்டையை அப்படிச் செய்ய முடியாது. அயர்லாந்துக் கால்பந்து வீரர் ஜேம்ஸ் மெக்லீன் இங்கிலாந்து கிளப்புகளில் ஆடியபோது, போரில் மாண்ட பிரிட்டிஷ் ராணுவத்தினர் நினைவாக நவம்பரில் எல்லாச் சட்டையிலும் குத்தப்படும் பாப்பிப் பூவை 2012 முதல் அணிய மறுத்தார். அவர் பிறந்த டெர்ரி நகரில் 1972இல் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் செத்தவர்கள் நினைவாக இந்த மறுப்பு. நியூஸிலாந்தின் ரக்பி வீரர் சன்னி பில் வில்லியம்ஸ் 2017இல் சட்டையிலிருந்த வங்கிப் பெயரை டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு இறங்கினார். வட்டித் தொழிலுக்கு விளம்பரம் செய்ய அவருடைய மார்க்கம் இடம்தரவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் ஆம்லா மதுபான லோகோ இல்லாத சட்டையில் வருடக்கணக்காக ஆடினார். யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. முன்கூட்டியே பேசி முடித்திருந்ததால் அதை யாரும் பிரச்சினையாகவே பார்க்கவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இதைத் தீர்க்கும். ஸ்பான்சருடன் கையெழுத்திடும்போதே, மத அல்லது மனச்சான்று காரணமாக ஒரு வீரர் லோகோ இல்லாத சட்டை கேட்டால் கொடுப்போம், அது ஒப்பந்த மீறல் ஆகாது என்று எழுதிவிடுங்கள். எத்தனை பேர்வரை என்று ஸ்பான்சர் உச்சவரம்பு கேட்பார்; கொடுக்கலாம். மது, பந்தயம், கடன் நிறுவனம் மூன்றும் கட்டாயம் இந்த வரியைக் கோரும் துறைகள். பரிசளிப்பையும் மறக்காதீர்கள். 2018 உலகக்கோப்பையில் எகிப்து கோல்கீப்பர் முகமது எல் ஷெனாவி, பீர் நிறுவனம் கொடுத்த ஆட்டநாயகன் கோப்பையை வாங்கவில்லை. 2022 ஜனவரியில் ஆஷஸ் வென்ற மேடையில் பாட் கம்மின்ஸ், உஸ்மான் கவாஜா ஒதுங்கி நிற்பதைப் பார்த்து ஷாம்பெயினை நிறுத்தச் சொல்லி அவரைப் படத்துக்குள் அழைத்தார். கேப்டன் சமயோசிதமாக இருந்ததால் தப்பித்த நொடி அது. நிகழ்ச்சி நிரலில் 'முதலில் குழுப்படம், பிறகு ஷாம்பெயின்' என்று ஒரு வரி இருந்தால் சமயோசிதம் தேவைப்படாது.

வீரர்களிடம் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோரையும் நிற்கவைத்து 'யாருக்காவது ஆட்சேபம் உண்டா?' என்று கேட்டால் ஒரு கையும் உயராது. தனித்தனியாக, மார்க்கெட்டிங் ஆள் இல்லாமல், வீரர் நம்பும் ஒருவர் கேட்க வேண்டும். பதில்களைப் பெயரோடு சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். 'இத்தனை பேருக்குத் தயக்கம்' என்ற எண்ணிக்கை போதும். தயக்கம் இருந்தால் தீம் சட்டையிலிருந்து களத்துக்கு மாறட்டும்: கார்னர் கொடி, பெரிய திரை, பந்து வைக்கும் மேடை, விருப்பப்பட்டவருக்கு மட்டும் கைப்பட்டை. வார்ம்-அப் சட்டை பாதுகாப்பானது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 2023 ஜனவரியில் பிலடெல்பியா ஃபிளையர்ஸ் ஐஸ் ஹாக்கி வீரர் இவான் புரோவரோவ் வானவில் நிறம் போட்ட சட்டையை அணிய மறுத்து வார்ம்-அப்புக்கே வரவில்லை. அந்த ஜூனில் லீக் எல்லாத் தீம் வார்ம்-அப் சட்டைகளையும் சேர்த்து நிறுத்தியது. புற்றுநோய் விழிப்புணர்வுச் சட்டையும் அதோடு போயிற்று.

எனக்கு இதில் ஒளிவுமறைவில்லாத ஒரு கருத்து உண்டு. கட்டாயப்படுத்தி அணியவைத்த ஆதரவு, யாருக்காக அந்த இரவோ அவர்களுக்கே உதவாது. மறுநாள் செய்தியில் மறுத்த ஏழு பேர்தான் இருப்பார்கள்.

கொடி, எண், இறைவன்

இலவசப் பொருளுக்கு ஒரு சோதனை வையுங்கள்: ஆட்டம் முடிந்து இரண்டு மணி நேரத்தில் இது எங்கே கிடக்கும்? பதில் அநேகமாக நாற்காலிக்கு அடியில், மிதிபட்டு, பீரில் நனைந்து. அங்கே கிடக்கக்கூடாத எதையும் அச்சடிக்காதீர்கள். தெய்வ உருவம், வேத வாசகம், சடங்கில் அணியும் தலைப்பாகை, இறந்தோர் நினைவுச் சின்னம் எல்லாம் இதில் அடங்கும். 1994 உலகக்கோப்பையின்போது மெக்டொனால்ட்ஸ் பங்கேற்ற நாடுகளின் கொடிகளைக் காகிதப் பைகளில் அச்சடித்தது. சவுதிக் கொடியில் இருப்பது இஸ்லாத்தின் உறுதிமொழி. அது குப்பைத்தொட்டிக்குப் போவதை எதிர்த்துக் குரல் எழ, பைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பந்தில் கொடிகளை அச்சடித்தால் அதே வாசகத்தைக் காலால் உதைப்பதாகிவிடும்.

ஆட்களைக் கடவுளாக்கும் போஸ்டர்களுக்கும் இதே எச்சரிக்கை. 2013 ஏப்ரலில் ஒரு வணிக இதழின் அட்டையில் தோனியை விஷ்ணுவாக வரைந்து, கைகளில் விளம்பரப் பொருள்களைக் கொடுத்திருந்தார்கள். அதில் ஷூவும் ஒன்று. மத உணர்வைப் புண்படுத்தியதாக வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2017இல்தான் அதைத் தள்ளுபடி செய்தது. தீங்கிழைக்கும் உள்நோக்கம் இருந்தால்தான், அப்போது நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு பொருந்தும். சட்டம் காப்பாற்றும், ஆனால் நான்கு வருடம் கழித்து.

கொடிப் படத்தை இணையத் தேடலில் எடுத்துப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2012 ஒலிம்பிக்கில், ஜூலை 25 அன்று கிளாஸ்கோ ஹாம்ப்டன் பார்க்கில் வட கொரியப் பெண்கள் கால்பந்து அணியின் பெயர்களுக்கு அருகே திரையில் தென் கொரியக் கொடி வந்தது. அணி களத்தைவிட்டு வெளியேறியது. ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். தடுக்கும் வழி எளிது: கொடிப் படத்தை எதிரணி நிர்வாகத்துக்கு எழுத்தில் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள், ஒத்திகையில் அதே திரையில் போட்டுக் காட்டுங்கள், தயாரித்தவரல்லாத இன்னொருவர் சரிபார்க்கட்டும். கொடி யாருக்குச் சொந்தம் என்பதையும் பாருங்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் கொடிக்கே காப்புரிமை இருந்தது. ஆடைகளில் அச்சிடும் உரிமை ஒரு தனியார் நிறுவனத்திடம் போனதால், 2020இல் ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக் பூர்வகுடிச் சுற்றையே அந்தக் கொடி இல்லாமல் நடத்தியது. 2022 ஜனவரியில் அரசு 2 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கொடுத்து உரிமையை வாங்கியபின்தான் தடை நீங்கியது.

எண்கள் விஷயத்தில் ஜெர்மனியின் 44 நல்ல பாடம். 2024 ஏப்ரலில் ஜெர்மனி அணியின் புதிய ஜெர்சியில் ரசிகர்கள் 44 என்று அச்சடித்தபோது, அது நாஜி எஸ்எஸ் படையின் இரட்டை மின்னல் குறிபோல் தெரிந்தது. கால்பந்துச் சங்கம் 0 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்திருந்தது. 1 முதல் 26 வரை ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யுஈஎஃப்ஏவுக்கு அனுப்பியிருந்தது. களத்தில் 44 என்ற எண்ணே கிடையாது, கடையில்தான் உண்டு. அதாவது சோதனை வீரர்களுக்கு நடந்தது, வாடிக்கையாளருக்கு நடக்கவில்லை. 4இன் வடிவத்தை மாற்றினார்கள். நீங்கள் புது எழுத்துரு போட்டால் 00 முதல் 99 வரை நூறு ஜோடிகளையும் ஒரே தாளில் அடித்து, வரலாறு தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். ஒரு மணி நேர வேலை.

ரசிகர் பெயரைத் தானாக ஜெர்சியில் போட்டுக் காட்டும் விளையாட்டை மட்டும் யாரும் செய்யாமல் இருந்தால் நல்லது. 2014இல் அமெரிக்கக் கால்பந்து அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், 2019இல் ஆர்சனல் ஜெர்சி வெளியீட்டில் அடிடாஸ் இரண்டும் இதைச் செய்து, இனவெறிப் பெயர்களைத் தங்கள் கணக்கிலிருந்தே வெளியிட்டன. கெட்ட வார்த்தை வடிகட்டி போட்டால் எழுத்தை மாற்றி எழுதுவார்கள். மனிதர் ஒருவர் பார்க்காமல் எதுவும் வெளியே போகக்கூடாது.

எதிரணி வீரரின் இனம் ஜோக் ஆகாது

2002 டிசம்பர் 16 அன்று சீனக் கூடைப்பந்து வீரர் யாவ் மிங் மயாமிக்கு ஆட வந்தபோது, மயாமி ஹீட் 8,000 ஃபார்ச்சூன் குக்கிகளை ரசிகர்களுக்குக் கொடுத்தது. யாவ் கோபப்படவில்லை. அமெரிக்கச் சீன உணவகங்களின் அந்த பிஸ்கட் அவருக்கு எந்த அடையாளமும் அல்ல. அவரே சிரித்துவிட்டார், பிறகென்ன என்று கேட்பவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஆசிய அமெரிக்கர்களை மறந்துவிடுகிறார்கள். பள்ளி நாள் முதல் அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். கேலிக்கு ஆளானவர் மன்னித்தால் கணக்கு முடிந்தது என்பதில்லை. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முன் ஸ்பெயின் கூடைப்பந்து அணி விரலால் கண்ணை இழுத்துக்கொண்டு நின்ற ஸ்பான்சர் விளம்பரமும் இதே வகை. எடுத்தவர்களுக்கு அது பாசம்.

வெளியிலிருந்து எடுக்கும் வீடியோ இன்னொரு கண்ணி. ஃபிரெஸ்னோ கிரிஸ்லீஸ் என்ற மைனர் லீக் அணி 2019 மே 27 அன்று, போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாளில், முன்னாள் அதிபர் ரீகனின் உரையை வைத்து யாரோ இணையத்தில் ஏற்றியிருந்த அஞ்சலி வீடியோவைத் திரையில் ஓடவிட்டது. 'சுதந்திரத்தின் எதிரிகள்' என்ற வரி வரும்போது கிம் ஜாங் உன், காஸ்ட்ரோவோடு அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் அலெக்ஸாண்டிரியா ஒகாசியோ-கோர்டெஸின் முகமும் வந்தது. ஸ்பான்சர்கள் கழன்றுகொண்டார்கள். விதி இதுதான்: வெளியார் வீடியோவை இரண்டு பேர், ஒலியோடு, கடைசி நொடிவரை, திரையில் ஓடப்போகும் அதே கோப்பில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். 'முதல் நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது' என்பது சாக்கு.

மொழியும் நிறமும் சுருக்கமாக: 2024 நவம்பரில் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு சமூக ஊடகத்தில் இந்தியில் தனிக் கணக்குத் தொடங்கியதும் கன்னட ரசிகர்கள் கொதித்தார்கள். புது மொழி சேர்ப்பதை, ஏற்கெனவே இருப்பவர்கள் தங்களைத் தள்ளிவைப்பதாகப் படிப்பார்கள். சேர்ப்பதானால் பல மொழிகளை ஒரே நாளில் அறிவியுங்கள், ஊர் மொழிக்கு முன்னுரிமை கண்ணுக்குத் தெரியட்டும். வேல்ஸின் கால்பந்து அணியான கார்டிஃப் சிட்டி 2012இல் நூறாண்டு நீலத்தைக் கழற்றி, மலேசிய முதலாளிக்கு ராசியான சிவப்புக்கு மாறியது. 2015 ஜனவரியில் நீலத்துக்கே திரும்பியது. உரிமையாளரின் நம்பிக்கையும் ரசிகரின் நம்பிக்கையும் மோதினால் டிக்கெட் வாங்குபவர்தான் கடைசியில் ஜெயிக்கிறார்.

வெடித்த பிறகு

முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தானாக வெளியாகக் காத்திருக்கும் பதிவுகளையெல்லாம் நிறுத்துங்கள். மன்னிப்பு அறிக்கைக்குக் கீழேயே 'சனிக்கிழமை வாங்க, கொண்டாடுவோம்!' என்று ஒரு பதிவு வந்து விழுவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது, இரண்டு முறை திரும்பாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி 2023 ஜூனில் பாலினச் சிறுபான்மையினருக்காக நடத்திய பிரைடு நைட்டுக்குக் கன்னியாஸ்திரி வேடமிடும் 'சிஸ்டர்ஸ் ஆஃப் பெர்பெச்சுவல் இண்டல்ஜன்ஸ்' அமைப்பை விருதுக்கு அழைத்தது. கத்தோலிக்கர்கள் எதிர்த்ததும் மே 17 அன்று அழைப்பை ரத்து செய்தது; மற்றப் பிரைடு அமைப்புகள் விலகத் தொடங்கியதும் மே 22 அன்று மன்னிப்போடு மறுபடி அழைத்தது. ஐந்து நாளில் இரு தரப்பையும் பகைத்துக்கொண்டது. ஜூன் 16 அன்று விருது கொடுத்தபோது இருக்கைகள் பெரும்பாலும் காலி, வெளியே ஆயிரக்கணக்கில் போராட்டக்காரர்கள். அழைத்தது சரியா தவறா என்பது வேறு விவாதம். எதிர்ப்பு வருமா என்பதை அழைக்கும் முன் பத்து நிமிஷம் யோசித்திருந்தால், வந்தால் நிற்போமா என்பதற்கும் விடை கையில் இருந்திருக்கும்.

அரைகுறைப் பின்வாங்கலும் உதவாது. 2019 அக்டோபரில் செரோகி பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த எதிரணிப் பந்துவீச்சாளர் ரையன் ஹெல்ஸ்லி, அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்கள் இசைக்கேற்பக் கையைக் கோடாரிபோல் ஆட்டும் 'கோடாரி வீச்சு' தன் மக்களை இழிவுபடுத்துகிறது என்றார். அணி அந்தத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்துக்கு நுரை ரப்பர் கோடாரிகளை இருக்கையில் வைக்கவில்லை; ஹெல்ஸ்லி களத்தில் இருக்கும்போது மட்டும் அந்த இசையைப் போடமாட்டோம் என்றது. அவர் போனபின் போடலாமாம்! தவறு என்று ஒப்புக்கொண்டு, ஆள் பார்த்துச் செய்கிற திருத்தம். இரண்டு வருடம் கழித்து உலகத் தொடரிலும் அதே வீச்சு, அதே சர்ச்சை.

நியூஸிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் க்ரூசேடர்ஸ் ரக்பி அணி பரவாயில்லை. பெயருக்கே முஸ்லிம்களோடு மோதிய 'சிலுவைப்போர் வீரர்கள்' என்றுதான் பொருள். ஆட்டத்துக்கு முன் சிலுவைப்போர் வீரர் வேடத்தில் வாளோடு குதிரைகள் மைதானத்தைச் சுற்றிவருவது அவர்கள் வழக்கம். 2019 மார்ச் 15 அன்று அதே நகரின் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டதும் குதிரைகளையும் வாளையும் நிறுத்தினார்கள். பெயரைப் பற்றி அவசரப்படாமல் மாதக்கணக்கில் கருத்து கேட்டு, பெயரை வைத்துக்கொண்டு லோகோவை மாற்றினார்கள். பெயரையும் மாற்றியிருக்க வேண்டும் என்பவர்கள் உண்டு. ஆனால் உடனே நிறுத்த வேண்டியதையும் ஆற அமர முடிவெடுக்க வேண்டியதையும் பிரித்த விதம் கற்றுக்கொள்ள வேண்டியது.

மன்னிப்பில் 'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்' என்ற தொடரை வெட்டிவிடுங்கள். என்ன செய்தோம், எதை எப்போது நிறுத்துகிறோம், டிக்கெட் வாங்கியவருக்குப் பணம் எப்படித் திரும்பும்: மூன்று வாக்கியம் போதும். அறிக்கை வெளியாவதற்கு முன் பாதிக்கப்பட்ட தரப்புக்கும் ஸ்பான்சர்களுக்கும் தொலைபேசியில் சொல்லுங்கள். ஸ்பான்சர் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொண்டால் அடுத்த நகர்வு அவர் கையில் போய்விடும். வாஷிங்டன் அமெரிக்கக் கால்பந்து அணியின் 'ரெட்ஸ்கின்ஸ்' (செந்தோலர்) என்ற பெயருக்கு எதிராகப் பூர்வகுடிகள் பல பத்தாண்டு போராடினார்கள். 2020 ஜூலை 2 அன்று மைதானத்துக்குப் பெயர் கொடுத்த ஃபெடெக்ஸ் பெயரை மாற்றச் சொன்னது. ஜூலை 13 அன்று அணி மாற்றுவதாக அறிவித்தது.

கடைசியாக, மீந்த சரக்கு. தர்மத்துக்கு அனுப்பாதீர்கள், தொலைநாட்டில் யாரோ அதை அணிந்த படம் எப்படியும் இணையத்துக்கு வரும். கிடங்கு, மைதானக் கடை, ஆன்லைன் கடை, வெளி விற்பனையாளர்கள், ஊழியர்களுக்குக் கொடுத்த சாம்பிள்கள் எல்லாவற்றையும் பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுத் திரும்ப வாங்கி, அழித்ததற்குச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைன் பக்கத்தை மறைத்தால் மட்டும் போதாது, பொருள் எண்ணையே பில்லிங் கணினியிலிருந்து நீக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சீசன் முடிவில் தள்ளுபடி விற்பனைக்கு மூலையில் கிடந்த பெட்டியைப் பிரிக்கும் தற்காலிக ஊழியர், விஷயம் தெரியாமல் விலைச்சீட்டு ஒட்டி அலமாரியில் அடுக்கிவிடுவார்.